பெட்டி யாருடையது? நிறுவனம் தரும் ரவுட்டரா, சொந்த ரவுட்டரா: டெல்டா வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

"மாதம் நூறு ரூபாய் பெட்டி வாடகை கேட்கிறார்கள். கடையில் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. நாமே வாங்கிப் போட்டுவிடலாமா?" என்று மன்னார்குடியிலிருந்து ஒருவர் கேட்டார். "நிறுவனம் கொடுத்த ரவுட்டர் கூடத்தைத் தாண்டவில்லை. நல்லதாக ஒன்று வாங்கிவிட்டு இதைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" இது மயிலாடுதுறை. "முன்பணம் கட்டினால் பெட்டி இலவசம் என்கிறார் கேபிள்காரர். வாங்கிக்கொள்ளலாமா?" இது பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்று. மூன்று பேரும் வெவ்வேறு கேள்வி கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் இந்தத் தொழிலில் இல்லை. கும்பகோணத்தில் என் வீடு. சுற்றிலும் அத்தை, சித்தப்பா, மைத்துனர் என்று உறவுக்காரர் வீடுகள் ஆறு. இந்த ஏழு இணைப்புகளுக்கும் சம்பளமில்லாத காவல்காரன். எந்தப் பெட்டி எந்த மழையில் உயிரை விட்டது என்பது எனக்கு மனப்பாடம். அந்தப் பழக்கத்தில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டெல்டா வீடுகளில், ஃபைபர் வந்து முடிகிற பெட்டி நிறுவனத்துடையதாகவும், வைஃபை கொடுக்கிற பெட்டி நம்முடையதாகவும் இருப்பதே நல்லது. இது பொருந்தாத வீடுகளும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

## பெட்டி ஒன்று, வேலை இரண்டு

நாம் எல்லாவற்றையும் 'மோடம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். செம்புக் கம்பியில் தொலைபேசியோடு இணையம் வந்த காலத்துச் சொல் அது. இப்போது வருவது ஃபைபர் என்கிற கண்ணாடி இழை. அதன் வழியே வரும் ஒளியை மின்குறிகளாக மாற்றுவது ஒரு வேலை. அதைச் செய்யும் கருவிக்கு ஓஎன்டி என்று பெயர், லைன்மேன்கள் ஓஎன்யூ என்பார்கள். அப்படி மாறி வந்த இணையத்தை வீட்டிலுள்ள பத்துப் பதினைந்து கருவிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது இன்னொரு வேலை, அது ரவுட்டர். நிறுவனம் கொண்டுவரும் வெள்ளைப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், இரண்டும் ஒன்று என்ற மயக்கம் வருகிறது.

இதில் ரவுட்டர் மிக்ஸியைப் போல. எந்தக் கடையில் வாங்கினாலும் செருகினால் ஓடும். ஓஎன்டி அப்படியல்ல. எக்ஸ்சேஞ்சில் (இணைப்புகள் புறப்படும் நிறுவனத்தின் அறையில்) இருக்கும் பெரிய கருவி அதை அடையாளம் கண்டு அனுமதித்தால்தான் பேசும். ஃபைபர் இணைப்பில் ஜிபான், இபான் என்று இரு முறைகள் புழக்கத்தில் உண்டு. ஜிபான் முறை என்றால் பெட்டியின் வரிசை எண்ணை அங்கே பதிய வேண்டும். இபான் முறை என்றால் அதன் மேக் முகவரியை, அதாவது பெட்டிக்கென்றே தயாரிப்பாளர் கொடுத்த அடையாள எண்ணை. பதியாத பெட்டி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆங்கிலத்தில் தேடினால் "சொந்த மோடம் வாங்கு, வாடகையை மிச்சப்படுத்து" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். அது அமெரிக்கக் கதை. அங்கே டிவி கேபிள் வழியாக இணையம் வரும் வீடுகள் மிக அதிகம். அதற்குரிய மோடம் கடையிலேயே கிடைக்கும். தான் கொடுக்காத கருவிக்கு நிறுவனம் வாடகை வாங்கக் கூடாது என்ற சட்டமும் அங்கே 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் எந்தக் கருவியை மாட்டுவது என்பது வாடிக்கையாளரின் உரிமை. நம் தெருவில் நடப்பது வேறு: நிறுவனம் சரி என்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அந்த ஆலோசனையைக் கேட்டுப் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு லைன்மேனிடம் கெஞ்சியவர்களை எனக்குத் தெரியும்.

பரணில் கிடக்கும் பழைய பிராட்பேண்ட் மோடத்தை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறீர்களா? அதில் தொலைபேசிக் கம்பிக்கான துளைதான் இருக்கும். ஃபைபருக்கு அது உதவாது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: பழுதானால் யார் வருவார்? ஐப்பசி அடைமழையில் இரவு எட்டு மணிக்குப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. தென்னை மட்டை விழுந்து தெருவில் ஃபைபர் அறுந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம், பெட்டியே போயிருக்கலாம். பெட்டி நிறுவனத்துடையது என்றால் எதுவானாலும் அவர்கள் பாடு. பெட்டி நம்முடையது என்றால், "உங்கள் பெட்டியில்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுக்கலாம். மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கு நான் அதிக எடை கொடுக்கிறேன்.

இரண்டாவது: கொல்லை வரை எட்டுமா? நம் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளமாகப் போகும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, அடுக்களை, கொல்லை. ஃபைபர் தெருப்பக்கத்தில் வந்து முடியும். ஆட்கள் பின்கட்டில் இருப்பார்கள்.

மூன்றாவது: இரண்டு வருடத்து மொத்தச் செலவு. மாத வாடகையை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும்.

நான்காவது: மின்தடையில் எவ்வளவு நேரம் தாங்கும்? ஐந்தாவது: நாளைக்கு நிறுவனத்தை மாற்றினால் கையில் எது மிஞ்சும்?

வேகத்தை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது நீங்கள் கட்டும் திட்டம். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் எட்டாயிரம் ரூபாய் ரவுட்டரை மாட்டினாலும் 50தான் வரும். பெட்டியின் வேலை அந்த ஐம்பதையும் நீங்கள் படுத்திருக்கும் அறை வரை சிந்தாமல் கொண்டுவருவது.

## வழி ஒன்று: அவர்கள் பெட்டி மட்டும்

வந்தவர் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, உங்கள் செல்பேசியில் யூடியூப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பது, அமைப்பை மாற்றுவது எல்லாவற்றையும் நிறுவனம் தன் இடத்திலிருந்தே செய்யும். தொலைபேசி எண் இருந்தால் அந்தக் கம்பியும் இதே பெட்டியில்தான். ஒரே அடாப்டர், ஒரே பிளக், திட்டுவதற்கு ஒரே ஆள்.

பல வீடுகளுக்கு இதுவே போதும். இரண்டு அறை ஒட்டுவீடு, ஒரு படுக்கையறை அடுக்ககம், வல்லத்திலோ திருமலைசமுத்திரத்திலோ மாணவர்கள் தங்கும் வாடகை அறை என்றால் மேலே படிக்கவே வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் கூடுதல் வேகத் திட்டம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று, முன்வைப்புத் தொகை. இணைப்பைத் துண்டிக்கும்போது பெட்டியையும் அடாப்டரையும் திருப்பிக் கொடுத்தால்தான் அது வரும். கொடுத்ததற்கு ரசீது வாங்காவிட்டால் அதுவும் வராது. என் சித்தப்பா வீட்டில் பெட்டியை எடுத்துப் போனவர் யார் என்று அந்த நிறுவனத்துக்கே தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பெட்டிக்கு விலை கேட்டுக் குறுஞ்செய்தி வந்தது.

இரண்டு, இடி. ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியே மின்னல் வராது என்பார்கள். இழையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் கேபிளில் தாங்குவதற்காக ஓர் எஃகுக் கம்பி சேர்ந்தே வருவதுண்டு. அடாப்டர் மின்சாரத்தில் இருக்கிறது. கண்காணிப்புக் கேமராவுக்குப் போகும் லேன் கேபிளும் செம்புதான். பெட்டி கருகிப் போனால் மாற்றித் தருவார்களா, விலை கேட்பார்களா என்பதை இணைப்பு வாங்கும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

மூன்று, 'இலவசம்'. ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பணம் கட்டினால் பெட்டி இலவசம் என்று பாபநாசத்துக்காரரிடம் சொன்னார்களே, அந்த முன்பணம்தான் பெட்டியின் விலை. அந்தப் பெட்டி அந்த எக்ஸ்சேஞ்சில்தான் பேசும். நடுவில் மனம் மாறினால் இரண்டும் போகும். கேபிள்காரர் நல்லவராகவே இருக்கட்டும். முதலில் ஒரே ஒரு மாதம் கட்டிப் பார்த்துவிட்டு, மழையையும் பார்த்துவிட்டு, பிறகு ஆறு மாதத்துக்குப் போகலாம்.

வைஃபையில்தான் இந்த வழி தோற்கிறது. நிறுவனப் பெட்டிகளில் இன்னும் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உள்ளவை. 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தாலும், சுண்ணாம்பும் செங்கலும் சேர்ந்த தடிச் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள் அது இளைத்துவிடும். பெட்டியை நடுவீட்டில் வைக்கச் சொன்னால், "கேபிள் இவ்வளவுதான் வரும் சார்" என்பார்கள். அதனால் அது ரேழியில், மின்மீட்டருக்குப் பக்கத்தில், பல்லி முட்டையிடும் இடத்தில் தொங்கும்.

## வழி இரண்டு: அவர்கள் பெட்டி, நம் ரவுட்டர்

திருவையாற்றில் அத்தை வீடு நான் மேலே சொன்ன நீள வீடு. பெட்டி ரேழியில் இருந்தது. சிங்கப்பூரிலிருந்து பேரன் வீடியோவில் கூப்பிட்டால், அத்தை அடுக்களையில் இருந்த வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து கூடத்துத் தூணருகே நிற்பார். அங்கே நின்றால்தான் முகம் தெரியும். அரையடி நகர்ந்தால் பேரன் உறைந்துவிடுவான். வேகத்தைக் கூட்டிக் கட்டிப் பார்த்தார்கள். பணம் கூடியது, தூண் அதே இடத்தில்தான் இருந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். ரேழிப் பெட்டியின் லேன் துளையிலிருந்து இருபது மீட்டர் கேபிள் ஒன்றை உத்தரத்தை ஒட்டி இழுத்து, கூடத்தில் முற்றத்தைப் பார்த்த மாடப்பிறையில் ஒரு ரவுட்டரை வைத்தேன். லேன் கேபிள் நூறு மீட்டர் வரை தாங்கும். நம் வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கும். முற்றம் திறந்த வெளி என்பதால் அலைகள் சுவரில் முட்டாமல் அடுக்களைக்கும் இரண்டாம் கட்டுக்கும் போயின. நம் முன்னோர் வெளிச்சத்துக்கும் மழைநீருக்கும் விட்ட வழி வைஃபைக்கும் உதவுகிறது. திட்டத்தைப் பழையபடி குறைத்துக் கட்டச் சொல்லிவிட்டேன்.

இந்த வழியின் அழகு எல்லை தெளிவாக இருப்பது. ஃபைபர், எக்ஸ்சேஞ்ச், தொலைபேசி, சிவப்பு விளக்கு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. வைஃபை நம் பொறுப்பு. லைன்மேன் வந்து "உங்கள் ரவுட்டர் சரியில்லை" என்றால், நம் ரவுட்டரைக் கழற்றிவிட்டு அவர்கள் பெட்டியிலேயே நேராகச் சோதித்துக் காட்டலாம். வாக்குவாதம் இரண்டு நிமிடத்தில் முடியும். நிறுவனத்தை மாற்றினாலும் ரவுட்டர் நம்மோடு வரும்; வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் மாறாததால் டிவி, கேமரா, பேத்தியின் டேப்லெட் எதையும் தொட வேண்டாம்.

எல்லா நிறுவனங்களிலும் இது நடக்கும். ஜியோ போல வீட்டுப் பெட்டியைத் தாங்களே கொடுத்து ஓட்டும் இணைப்பானாலும் சரி, தெருக்கோடிக் கேபிள்காரருடையதானாலும் சரி, பெட்டிக்குப் பின்னால் ஒரு ரவுட்டரைச் சேர்ப்பதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய ஏர்ஃபைபர் மாதிரி, கூரைமேல் ஒரு கருவியை வைத்து 5ஜி வழியாக வரும் இணைப்புக்கும் இதுவே வழி. வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கம் ஃபைபர் எட்டாத வீட்டுக்காரர்கள் கவனிக்க.

மாட்டும்போது சறுக்கும் இடங்கள் சில. அவர்கள் பெட்டியிலிருந்து வரும் கேபிளை நம் ரவுட்டரில் தனி நிறத்தில் இருக்கும் 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' துளையில் செருக வேண்டும். வேறு துளையில் செருகினால் கருவிகளுக்கு வலை முகவரி கொடுக்கும் வேலையை இரண்டு பெட்டிகளும் செய்யத் தொடங்கி, பாதிக் கருவிகளுக்கு இணையம் இருக்கும், பாதிக்கு இருக்காது. அடுத்தது, இரண்டு பெட்டிகளின் உள்முகவரியும் 192.168.1.1 என்று ஒன்றாக இருந்துவிடும், நம்முடையதை 192.168.10.1 என்று மாற்றிவிட்டால் சண்டை தீரும். அவர்கள் பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்க விடவில்லை என்றால் பெயரையாவது வேறாக்கி, 2.4 அலைவரிசையில் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 11 என்று சேனலைப் பிரித்து வையுங்கள்.

"இரண்டு ரவுட்டர் வரிசையாக இருந்தால் கெடுதல்" என்று படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. வீட்டுக்குள் இருக்கும் வலை முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இருமுறை நடக்கும், உண்மைதான். வீட்டிலேயே சர்வர் வைத்து வெளியிலிருந்து நேராக அதற்குள் வருகிறவர்களுக்கும், சில ஆன்லைன் விளையாட்டுக்காரர்களுக்கும் அது தொல்லை. துபாயிலிருந்து கேமராவில் வீட்டு வாசலைப் பார்க்கும் மகனுக்கு எதுவும் தெரியாது. அந்தக் காட்சி பெரும்பாலும் கேமரா நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் போகிறது. தொல்லையைத் தவிர்க்க விரும்பினால் அவர்கள் பெட்டியை 'பிரிட்ஜ்' நிலைக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணையத்தை அப்படியே கடத்தும் நிலை) மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது நம் ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலையில் (முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) ஓட்டுங்கள். முன்னதில் உள்நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் நம் ரவுட்டரில் போட வேண்டியிருக்கும். அவற்றை எழுதி வாங்கிக்கொள்ளாமல் லைன்மேனை அனுப்பாதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு அலைவரிசையும், கிகாபிட் துளைகளும். மலிவு ரவுட்டர்களில் துளை நூறு எம்பிபிஎஸ்தான். 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டி அதைச் செருகினால் பாதி வாசலிலேயே நின்றுவிடும். கேபிளும் எட்டுக் கம்பியும் இணைத்ததாக இருக்க வேண்டும். நாலு கம்பியை மட்டும் முடிந்து கொடுத்தாலும் அதே நூறில் முட்டும். ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

இனிக் குறைகள். பெட்டி இரண்டு, அடாப்டர் இரண்டு. காலை 9 முதல் மாலை 5 வரை மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று செய்தித்தாளில் ஊர்ப் பெயர்கள் வரும் நாளில் இது உறைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். ஆனால் அதில் இரண்டு கருவிக்கும் வெளியீடு இருக்கிறதா, இரண்டும் 12 வோல்ட்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகிய புண்ணியவான் எங்கள் குடும்பத்தில் உண்டு. அதிலிருந்து எல்லா அடாப்டரிலும் எது எதற்கென்று வெள்ளைத்தாள் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆறு வாட் ரவுட்டர் இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதக் கணக்கில் ஒன்பது யூனிட்டை எட்டாது. பெரிய கவலை வேறு. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் இனி நம் வேலை. வீட்டில் அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். எங்கள் ஏழு வீட்டுக்கும் அந்த ஆள் யார் என்பதைச் சொல்லிவிட்டேன்.

## வழி மூன்று: ஃபைபர் பெட்டியும் நம்முடையதே

மன்னார்குடிக்காரர் கேட்டது இதைத்தான். பிஎஸ்என்எல் ஃபைபரில் வாடிக்கையாளர் தாமே வாங்கிய பெட்டியைப் பதிந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. உள்ளூர்க் கேபிள்காரர்கள் சிலரும் ஒப்புக்கொள்வார்கள். பெட்டியைத் தாங்களே கொடுக்கும் பெரிய தனியார் நிறுவனங்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பயனில்லை.

நானும் ஒருமுறை முயன்றேன். நிறுவனம் எது என்பது இங்கே வேண்டாம். ஜிபானா இபானா என்று தெரியாமல் தவிக்க வேண்டாமென்று இரண்டிலும் ஓடும் எக்ஸ்பான் பெட்டியாக வாங்கினேன். அது வரை புத்திசாலித்தனம். வீட்டுக்கு வந்த கேபிளின் முனை பச்சை; பெட்டியின் துளை நீலம். வடிவம் ஒன்றுதான், பொருந்தவும் பொருந்தியது. பச்சை முனையின் முகம் எட்டு டிகிரி சாய்வாகத் தீட்டியது, நீலத்தில் சாய்வில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. பெட்டிக்குள் ஒளியின் அளவு மைனஸ் 29 டிபிஎம் என்று காட்டியது. டிபிஎம் என்பது ஒளியின் வலிமையை அளக்கும் அலகு; மைனஸுக்குப் பின் எண் கூடக்கூட ஒளி மங்கல். மைனஸ் 27க்குக் கீழே போனால் இணைப்பு நிலைக்காது. மைனஸ் 15க்கும் 25க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. லைன்மேன் வந்து முனையை மாற்றியதும் மைனஸ் 21க்கு வந்தது. முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார், நியாயம்தான்.

அடுத்து விலேன் எண் (ஒரே இழையில் வரும் சேவைகளைப் பிரித்துக் காட்டும் எண்), உள்நுழையும் பெயர், கடவுச்சொல். எல்லாம் போட்டதும் இணையம் வந்தது. தொலைபேசி வரவில்லை. அதற்கான விவரங்களைத் தனியே பதிய வேண்டும். அதை யாரிடம் கேட்பது என்று அங்கே எவருக்கும் தெரியவில்லை. அப்பா மூன்று வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முப்பது வருடத்து எண், ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் தெரியும்.

எல்லாம் சரியாகி ஒரு வருடம் ஓடியது. பிறகு எக்ஸ்சேஞ்சில் கருவியை மாற்றினார்கள். என் பெட்டிக்கும் புதுக் கருவிக்கும் ஒத்துப்போகவில்லை. வாடகைப் பெட்டி வைத்திருந்த அடுத்த வீட்டுக்காரருக்கு மறுநாளே புதுப் பெட்டி வந்தது. என்னுடையது இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

ஆகவே இந்த வழியின் மறைந்த செலவு பணத்தில் மட்டும் இல்லை. வாடகை கட்டுகிறவர் பெட்டியோடு சேர்த்து, அதை மாற்றித் தர வேண்டிய கடமையையும் வாங்குகிறார்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| கேள்வி | அவர்கள் பெட்டி மட்டும் | அவர்கள் பெட்டி, நம் ரவுட்டர் | எல்லாம் நம்முடையது |
|---|---|---|---|
| பழுதானால் யார் வருவார் | நிறுவனம் | சிவப்பு விளக்குக்கு நிறுவனம், வைஃபைக்கு நாம் | ஃபைபர் அறுந்தால் மட்டும் நிறுவனம் |
| கொல்லை வரை எட்டுமா | பெரும்பாலும் எட்டாது | எட்ட வைக்கலாம் | பெட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது |
| தொடக்கச் செலவு | முன்வைப்புத் தொகை | ரவுட்டரும் கேபிளும் | பெட்டி, முனை, வருகைக் கூலி |
| மாத வாடகை | இருக்கலாம் | இருக்கலாம் | இல்லை |
| மின்தடையில் | ஒரு பெட்டிக்கு மின்சாரம் | இரண்டு பெட்டிக்கு | ஒன்று போதும் |
| தொலைபேசி எண் | தொல்லையில்லை | தொல்லையில்லை | தனியே போராட வேண்டும் |
| நிறுவனத்தை மாற்றினால் | கையில் எதுவும் மிஞ்சாது | ரவுட்டர் மிஞ்சும் | அதிர்ஷ்டம் இருந்தால் பெட்டி மிஞ்சும் |

மன்னார்குடிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாடகை 100 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 118. இரண்டு வருடத்துக்கு 2,832. சொந்தப் பெட்டி 2,000 என்றால் பதினேழு மாதத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். லைன்மேன் வருகைக்கு 300, நடுவில் ஓர் அடாப்டருக்கு 250 சேர்த்தால் 2,550. இருபத்திரண்டு மாதம். அதற்குப் பிறகு மிச்சமாவது மாதம் 118 ரூபாய். ஒரு இடி விழுந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அவரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இரண்டாவது வழி வாடகையை மிச்சப்படுத்தாது என்பதையும் மறைக்கவில்லை. 2,500 ரூபாய் ரவுட்டர் நாலு வருடம் உழைத்தால் மாதம் 52 ரூபாய். கொல்லையிலும் வீடியோ ஓடுவதற்கான விலை அது. கொல்லையில் யாரும் வீடியோ பார்ப்பதில்லை என்றால் வீண் செலவுதான். மயிலாடுதுறைக்காரர் ரவுட்டரை வாங்கட்டும். ஆனால் பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அது போனால் ஃபைபர் செருக இடமிருக்காது.

## எந்த வீட்டுக்கு எது

பூட்டிய வீட்டுக்கு முதல் வழிதான். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் கேமரா மட்டும் விழித்திருக்கிறது என்றால் பெட்டிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இயங்காமல் உறைந்துபோன ரவுட்டரை அணைத்துப் போட அங்கே ஆளில்லை. பெட்டியைக் கேமரா இருக்கும் பக்கமாக மாட்டச் சொல்லுங்கள்.

முற்றம் வைத்த நீள வீடு, மாடியும் கீழும் புழங்கும் வீடு, வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறவர் இருக்கும் வீடு, இவற்றுக்கு இரண்டாவது வழி. கும்பகோணம் பெரியகடைத்தெருவில் இருப்பது போன்ற நீளக் கடைகளுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் இதையே சொல்வேன். சொந்த ரவுட்டரில் விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்துவிட்டால், வாடிக்கையாளர் செல்பேசியும் கடையின் பில் போடும் கணினியும் ஒரே வலையில் இருக்காது.

மூன்றாவது வழி யாருக்கு? தொலைபேசி எண் வேண்டாதவர், பெட்டியின் உள்பக்கங்களைத் திறந்து பார்க்கத் தயங்காதவர், லைன்மேனின் எண்ணைக் கையில் வைத்திருப்பவர், நிறுவனம் வாடகை மிக அதிகமாகக் கேட்கும் வீட்டுக்காரர். இந்த நாலும் ஒருவரிடமே சேர்ந்தால் தாராளமாகச் செய்யலாம். சேர்ந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

புயல் பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கம்பத்தைப் பிடித்துத் தொங்கிய கேபிள்கள் எல்லாம் தரைக்கு வந்தன. அந்த அளவு வந்தால் பெட்டி யாருடையது என்பதெல்லாம் பேச்சே இல்லை. ஆனால் சாதாரண மழைநாள் மின்தடையில், ஃபைபர் முறையில் தெருவில் பிரிக்கும் இடங்களுக்கு மின்சாரம் வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலும் உங்கள் வீட்டிலும் இருந்தால் போதும். ஆகவே இணைப்பு வாங்கும் முன் கேபிள்காரரிடம் பெட்டி விலையை மட்டும் கேட்காமல், அவர் அறையில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் கேளுங்கள். அது இரண்டு மணி நேரம் என்றால் உங்கள் யுபிஎஸ் எட்டு மணி நேரம் தாங்கி என்ன?

அத்தை வீட்டில் எல்லாம் மாட்டி முடித்த அன்று, பீரோக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டினேன். வாடிக்கையாளர் எண், உள்நுழையும் பெயர், இரண்டு பெட்டியின் கடவுச்சொல், எந்த அடாப்டர் எதற்கு, முன்வைப்புத் தொகை ரசீது இருக்கும் இடம். அடுத்த முறை போனபோது கீழே அத்தை தம் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: "சிவப்பு எரிந்தால் லைன்மேன். எரியாவிட்டால் கும்பகோணம்."